துபாய் செல்லுமுன் போடி சென்று வருவோம்

அயல்நாட்டு வாணிபப் படிப்புப் பயணம் செல்லும் உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்



நமது உறுப்பினர்களில் சிலர் குழுவாகச் சேர்ந்து, ஆறு நாள் துபாய் சென்று, அயல்நாட்டு வாணிபம் எவ்வாறு நடைபெறுகிறது என்று நேரில் கண்டு வர விரும்புகிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சி. அல்லிநகரத்திலும் தேனியிலும் கடை வைத்திருக்கும் நாம் கையாளும் சரக்கில் ஒரு பகுதி கடல் கடந்து செல்கிறது. அது போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்பது நல்லதே.

ஆனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதே போல் ஒரு பயணம் போனோம். டெய்ரா பகுதியின் மசாலாக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரி எங்களை உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, மூன்று கேள்விகள் கேட்டார். "உங்கள் ஏலக்காய் எத்தனை எம்.எம்.? லிட்டர் எடை என்ன? பூச்சிமருந்துச் சோதனை ரிப்போர்ட் இருக்கிறதா?" நாங்கள் "போடி சரக்கு, முதல் தரம்" என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் பேசத் தொடங்கினார். ஊர் திரும்பியபோது எங்கள் கையில் இருந்தவை போட்டோக்களும் பேரீச்சம்பழமும்தான். செலவழித்த பணமோ கடையின் முதலிலிருந்து எடுத்தது. அந்த நிலை இன்னொரு உறுப்பினருக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

1. துபாய் ஏன்?

துபாயில் ஏலக்காயும் விளைவதில்லை, தேயிலையும் விளைவதில்லை. ஆயினும் இரண்டும் பல நாடுகளிலிருந்து அங்கே வந்து இறங்கி, வேறு நாடுகளுக்குப் போகின்றன. இதற்கு மறு ஏற்றுமதி என்று பெயர். 1979-ல் ஜெபல் அலி துறைமுகமும், 1985-ல் அதை ஒட்டி வரிச் சலுகை பெற்ற தனி வணிக மண்டலமும் அமைந்தன. 2005-ல் தேயிலையைச் சேமிக்கவும், கலக்கவும், பொட்டலம் போடவும் ஒரு தனி மையமே தொடங்கினார்கள். நம் ஊர் கமிஷன் மண்டியும் எதையும் விளைவிப்பதில்லை. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். துபாயைக் கடலோரத்தில் உள்ள ஒரு பெரிய மண்டி என்று எண்ணிக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

மேலும், இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையே 2022 பிப்ரவரி 18-ல் கையெழுத்தான பொருளாதார ஒப்பந்தம், அதே ஆண்டு மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பல சரக்குகளுக்குச் சுங்க வரிச் சலுகை உண்டு. சரக்கு இந்தியாவில் விளைந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால்தான் அந்தச் சலுகை கிடைக்கும். உங்கள் சரக்குக்கு அது பொருந்துமா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

2. முதல் பள்ளிக்கூடம் போடி

அல்லிநகரத்திலிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான். அங்கும், மலை மேல் வண்டன்மேடு அருகேயுள்ள புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் உள்ளன. ஏலம் முடிந்ததும் வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகிய நான்கும் வெளியிடப்படுகின்றன. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்தே இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

உச்ச விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் என்று பத்திரிகைகளில் வந்தது. அது அன்றைய ஏலத்தின் உச்ச விலை. சராசரி அதைவிட மிகவும் குறைவு. கடையில் உள்ளவன் கணக்குப் போட வேண்டியது சராசரியில்.

அடுத்து, தரம். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து அளவு பிரிக்கிறார்கள். ஆலப்புழைப் பச்சை எக்ஸ்ட்ரா போல்டு என்னும் தரத்துக்கு 7 எம்.எம். அளவு வேண்டும். லிட்டர் எடை என்பது ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் நிரப்பிய காயின் எடை. காய் பெரிதாக இருந்தும் உள்ளே விதை சொத்தையாக இருந்தால் இந்த எடை குறைந்து, குட்டு வெளிப்பட்டுவிடும். இவ்விரண்டோடு பச்சை நிறம் எவ்வளவு, வாய் பிளந்த காய் எவ்வளவு என்பதையும் போடியில் தரம் பிரிக்கும் இடத்தில் அரை நாள் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இதற்கு விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

3. போட்டிக்காரர் யார்?

நமக்குப் போட்டி கேரளமோ கர்நாடகமோ அல்ல. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாதமாலா என்னும் சிறிய நாடு. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அங்கே ஏலக்காயைக் கொண்டுபோய் நட்டார். அந்நாட்டு மக்களுக்கு அதைச் சமையலில் சேர்க்கும் பழக்கம் பெரிதாக இல்லை. ஆகவே விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. 1980-களில் அந்த நாடு நம்மை முந்திவிட்டது. நம் நாட்டில் விளைவதில் பெரும்பகுதியை நாமே உண்டு தீர்க்கிறோம். உள்ளூர் விலை ஏறினால் நம் சரக்கு வெளிநாட்டில் விலை போகாது, அந்த இடத்தில் குவாதமாலா சரக்கு நுழையும்.

வாங்குபவர் யார் என்பதும் தெரிய வேண்டும். அரபு நாடுகளில் விருந்தினருக்கு முதலில் தருவது ஏலக்காய் சேர்த்த கஹ்வா காப்பி. பச்சையும் பருமனும் உள்ள காயையே விரும்புகிறார்கள். ரமலான் மாதத்துக்கு முன் தேவை கூடும். ஆனால் நிறம் மட்டும் போதாது. 2018-ல் சவுதி அரேபியா, பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டி இந்திய ஏலக்காயைத் தடுத்தது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும், எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றின் மீது நடவடிக்கை எடுத்தன. தோட்டத்தில் அடிக்கும் மருந்து துறைமுகத்தில் கணக்குக் கேட்கிறது. கொள்முதல் செய்யும்போதே விவசாயியிடம் என்ன மருந்து, எப்போது அடித்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்தாக வேண்டும்.

4. ஒரு கணக்கு

கீழே உள்ள தொகைகள் பழகுவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. உண்மை விலைகளை நீங்கள் விசாரித்து நிரப்பவும்.

500 கிலோ ஏலக்காய் கொள்முதல், கிலோ 2,500 வீதம்: 12,50,000 ரூபாய்.
சலிப்பு, பேக்கிங்: 15,000.
ஆய்வுக்கூடச் சோதனை: 10,000.
துறைமுகம் வரை லாரி வாடகை, சுங்க ஏஜெண்டு செலவு: 25,000.
கப்பலில் ஏற்றும் வரை ஆன அடக்கம்: 13,00,000. கிலோவுக்கு 2,600. இதுவே எஃப்.ஓ.பி. அடக்கம்.
கப்பல் வாடகை, இன்சூரன்ஸ்: 30,000.
துபாய் துறைமுகம் வரை அடக்கம்: 13,30,000. கிலோவுக்கு 2,660. இதுவே சி.ஐ.எஃப். அடக்கம்.

ஒரு திர்ஹம் 25 ரூபாய் என்று வைத்தால், 2,660 ரூபாய் என்பது 106 திர்ஹம் 40 காசு. இதில் உங்கள் லாபம் இன்னும் சேரவில்லை. அங்குள்ள சுங்க வரி, 2018 முதல் அமலில் உள்ள 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி, இறக்குமதியாளர் லாபம், சில்லறைக் கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கு கையில் இருந்தால், கடையில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டைப் பார்த்தவுடன் நம்மால் போட்டியிட முடியுமா என்று தெரிந்துவிடும். கணக்கு இல்லாதவருக்கு அது வெறும் சீட்டு.

இன்னொன்று. திர்ஹத்தின் மதிப்பு டாலருடன் கட்டப்பட்டது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது 1997 முதல் மாறவில்லை. ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

5. பெட்டியில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அன்னியச் செலாவணியை அனுமதி பெற்றவர்களிடம் மட்டும் வாங்குங்கள். நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரையே எடுத்துச் செல்லலாம், மீதியைக் கார்டில் வைத்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதை மளிகைக் கடை வைத்திருப்போர் இருமுறை படிக்கவும். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். நம் கடையில் பட்டை, கிராம்புக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பது அங்கே போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வரும். சாம்பிள் பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தாலும் சிறை செல்ல நேரிடலாம். கசகசா சேர்த்து அரைத்த வீட்டு மசாலாப் பொடியும் வேண்டாம். வெற்றிலையும் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு அந்நாட்டின் முன் அனுமதி தேவை. மற்ற மருந்துகளையும் டாக்டர் சீட்டுடன் கொண்டு செல்லுங்கள். பழைய பையைச் சாம்பிளுக்கு எடுக்காமல் புதுப் பை வாங்குங்கள். பிறர் கொடுக்கும் பார்சலை, அவர் சொந்தக்காரரே ஆனாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

திரும்பும்போது தங்கம் வாங்கலாம் என்ற எண்ணம் சிலருக்கு இருக்கும். வரியில்லாத நகைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புவோருக்கே. ஆறு நாள் போய் வருபவருக்குக் கிடையாது.

6. நாட்களைப் பிரித்தல்

2022 ஜனவரி முதல் அங்கே அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். ஆகவே ஞாயிறு மாலை போய் இறங்கி, திங்கள் முதல் வியாழன் வரை வேலையை முடிப்பது நல்லது. ரமலான் மாதத்தில் வேலை நேரம் குறையும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

திங்கள்: டெய்ரா மசாலாக் கடைத்தெரு. சரக்கு, அளவு, எந்த நாடு, சில்லறை விலை ஆகியவற்றை எழுதுவது மட்டும்.
செவ்வாய்: முன்கூட்டியே கடிதம் எழுதி நேரம் வாங்கிய மொத்த வியாபாரிகள் இருவர் அல்லது மூவர். சாம்பிளைக் காட்ட வேண்டியது இங்கே. அதை நாட்டுக்குள் கொண்டு செல்லலாமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளவும்.
புதன்: விடியற்காலையில் அல் அவீர் மத்திய பழம், காய்கறிச் சந்தை. நம் பகுதி ஜி-9 வாழைக்கு அங்கே எதிரில் நிற்பவை பிலிப்பைன்ஸ், ஈக்வடார் பழங்கள். வாழை 13 டிகிரி குளிரில் பயணம் செய்யும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையோ தோல் மெல்லியது, அதிக நாள் தாங்காது. புகழ் இருந்தாலும் பயணத்துக்கு ஏற்ற பழம் எது என்ற வேறுபாட்டை அந்தச் சந்தையில் கண்ணால் பார்க்கலாம்.
வியாழன்: சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று, வங்கி ஒன்று. ஜெபல் அலிக்குள் செல்வதானால் முன் அனுமதி பெற வேண்டும்.
வெள்ளி: காலையில் பெரிய சில்லறை அங்காடி. பிறகு குழுவாக அமர்ந்து எழுதியவற்றை ஒப்பிடுதல்.
சனி: ஊர் திரும்புதல்.

ஊர் சுற்றிப் பார்ப்பது மாலை வேளைகளில். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய்க்கு இருவர், வாழைக்கு இருவர், வங்கி விவரத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் போதும். அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல்.

இது படிப்புப் பயணம். அங்கே யாரும் ஆர்டர் கொடுத்தாலும் உடனே கை கொடுத்துவிடாதீர்கள். ஏற்றுமதி செய்ய இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். நறுமணப் பொருளுக்கு வாரியத்தின் பதிவுச் சான்றிதழும், பழத்துக்கு அபேடாவின் பதிவும் வேண்டும். மண்டியில் வாய்ப்பேச்சை நம்பிச் சரக்கு அனுப்புகிறோம், ஏமாற்றினால் நாளை கடைவாசலில் போய்க் கேட்கலாம். கடலுக்கு அப்பால் அது நடக்காது. அங்கே முன்பணம், அல்லது வங்கியின் எல்.சி., அதற்கு மேல் ஏற்றுமதிக் கடன் காப்பீடு என்ற முறையில்தான் தொழில் நடத்த வேண்டும். அந்தக் காப்பீட்டுக்கென்றே 1957-ல் மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது.

7. புறப்படுமுன் விடை எழுத வேண்டிய வினாக்கள்

(1) உங்கள் சரக்கின் அளவு, லிட்டர் எடை, ஈரப்பதம் என்ன?
(2) கடந்த ஆறு வாரச் சராசரி ஏல விலை என்ன?
(3) சி.ஐ.எஃப். அடக்கம் திர்ஹத்தில் எவ்வளவு?
(4) அதே சரக்கை அங்கே விற்கும் வேறு நாடு எது?
(5) மருந்து எச்சச் சோதனை எங்கே செய்வீர்கள்?
(6) உங்கள் பையில் கசகசா இல்லை என்று நீங்களே பார்த்தீர்களா?

ஆறுக்கும் விடை எழுத முடிந்தவர் டிக்கெட் எடுக்கலாம். முடியாதவர் அடுத்த குழுவில் போகலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை, கைமுதல் மிச்சம்.

திரும்பி வந்த பதினைந்து நாளுக்குள் ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதிச் சங்கக் கூட்டத்தில் படிக்க வேண்டுகிறோம். லாபமாகத் தோன்றியதை மட்டும் எழுதாமல், எங்கே விழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்களிடம் கேட்கப்பட்ட அந்த மூன்று கேள்விகளால்தான் இந்தப் பாடமே பிறந்தது. உங்களிடம் கேட்கப்படும் நான்காவது கேள்வி, அடுத்து வருபவருக்குப் பாடமாகட்டும்.