அங்கயற்கண்ணி

மதுரையில் எழுந்தருளியுள்ள அன்னைக்கு மீனாட்சி என்பது வடமொழித் திருநாமம். மீனம், அட்சி என்னும் இரு சொற்கள் புணர்ந்தது. அட்சி என்பது கண். இதன் நேர்தமிழே அங்கயற்கண்ணி. அம் என்றால் அழகு; கயல் என்பது ஒருவகை மீன். அழகிய கயல் போன்ற கண்களை உடையவள் என்பது பொருள். கயல் என்பதன் ஈற்று லகரம், ககரம் வரவே றகரமாய்த் திரிந்தது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர், மங்கையர்க்கரசியாரைப் போற்றும் திருவாலவாய்ப் பதிகத்தில் இத்தமிழ்ப் பெயரையே எடுத்தாண்டார்.

மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்பது முன்னோர் கொள்கை. அங்ஙனமே அன்னையும் கண்ணோக்கால் உயிர்களைக் காக்கின்றாள் என்பர் பெரியோர்.

பெண்மக்கள் மீனாட்சி, மீனாள், மீனா எனப் பெயர் பூண்பர். ஆடவரும் விட்டாரல்லர்! உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அன்றோ? அப்பெயரிலும் அன்னையே முன்நிற்கின்றாள். அங்கயற்கண்ணி என்னும் பெயரோ அத்துணைப் பரவலாக இல்லை.

அப்பெயரைச் சூட்டுவோருள்ளும் பலர் ‘அங்கையற்கண்ணி’ என எழுதுகின்றனர். மயல் மையல் ஆவதுபோல இதுவும் போலி என நன்னூல் கொண்டு அமைதி கூறலாம். ஆயினும் அங்கை என்பது உள்ளங்கை. அற்ற என்பது இல்லாத. அறியாதார் அங்கை, அற்ற, கண்ணி எனப் பிரித்துவிடின் கயலே மறைந்துபோம். குழந்தையின் பிறப்பைப் பதியும்பொழுதே ‘கயல்’ விளங்குமாறு எழுதித் தருக.