குந்தவைக்கு என்ன துணி?

ஆண்டு விழா நாடகத்தில் குந்தவை வேஷம் எங்க வகுப்புக்கு வந்தது. "ஆரணியில இருந்துகிட்டு துணிக்கா பஞ்சம்?" என்றார்கள். ஆனால் துணி எடுப்பதில்தான் சண்டையே வந்தது!

குந்தவை முதலாம் இராசராசனின் அக்கா. நமக்குப் பக்கத்தில் போளூர் வட்டம் திருமலையில் இருக்கும் சமணர் கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்றே பெயர். அவர் வாழ்ந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. கட்டிய துணியில் ஒரு இழைகூட நம்மிடம் இல்லை. அதே காலத்தில் வட ஐரோப்பாவில் புதைக்கப்பட்ட வைக்கிங் பெண்களின் உலோகக் கொக்கிகளில் துணித் துணுக்குகள் ஒட்டிக் கிடைத்துள்ளன. அதனால் கம்பளியும் லினனும் உடுத்தினார்கள் என்று சொல்ல முடிகிறது. நமக்கு இருப்பது ஓவியம்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே.கோவிந்தசாமி 1931-ல் கண்டுபிடித்தார். அதில் பெண்களின் துணி மெல்லிசாக, உடம்போடு படிந்து இருக்கிறது.

முதலில் வாடகைக்கு ஒரு 'பட்டு' உடை வந்தது. பளபளவென்று இருந்தது. எங்க அப்பா ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்திக் காட்டினார். உருகி, கெட்டி மணியாகச் சுருண்டது. பாலியெஸ்டர்! அசல் பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். (பெரியவர்கள் இல்லாமல் செய்யாதீர்கள்.)

அடுத்து ஒரு கல்யாணப் புடவை. பலகை மாதிரி விறைத்து நின்றது, கொசுவமே விழவில்லை. அதுவும் ராணி கலர். செயற்கைச் சாயமே 1856-ல்தான் வந்தது! அதற்கு முன் அவுரி நீலம், வேர்ச் சிவப்பு, மஞ்சள் போன்றவைதான். பட்டு அப்போது உண்டா என்று கேட்பீர்கள். சங்கப் பாட்டிலேயே பட்டு வருகிறதே! ஆனால் எல்லோருக்கும் அது கிடைத்திருக்காது என்று நினைத்து, தோழிகளுக்குப் பருத்தி என்று வைத்தோம். இன்றைய ரவிக்கை அன்று கிடையாது. மேடைக்கு வேண்டுமே, அதனால் புடவை நிறத்திலேயே தைத்துக்கொண்டோம்.

கடைசியில் அப்பா நெய்த எடை குறைந்த ஆரணிப் பட்டு, செங்கல் சிவப்பு, அழகாகப் படிந்தது. அகல ஜரிகைக் கரை மட்டும் விறைத்தது. உள்ளே மடித்துக் கட்டினோம்.

அப்பாவுக்கு முகம் வாடிப்போச்சு. "அந்தக் கரைக்குத்தானேம்மா நாலு நாள் தறிக்குழியில உட்கார்ந்தேன்" என்றார்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி