இரும்பு படிந்த ஆதிக் கடல்

சத்தீஸ்கரின் பைலாதிலாக் குன்றுகளிலும் ஜார்க்கண்டின் நோவாமுண்டியிலும் வெட்டியெடுக்கப்படும் இரும்புத்தாது எவ்வாறு தோன்றியது என்பதை அறியப் பூமியின் இளமைப் பருவத்திற்கே செல்ல வேண்டும்.

சுமார் 454 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியனைச் சுற்றிய தூசும் பாறைத் துண்டுகளும் திரண்டு பூமி உருவாயிற்று. மோதல்களின் வெப்பத்தால் அது உருகிய நிலையில் இருந்தபோது, கனமான இரும்பும் நிக்கலும் அடியில் இறங்கி உட்கருவாயின. இலேசான பாறைப்பொருள்கள் மேலே தங்கின. பூமியிலுள்ள இரும்பின் பெரும்பகுதி இவ்வாறு 2,900 கிலோமீட்டர் ஆழத்திற்கும் கீழே சென்றுவிட்டது. நம் கைக்கு எட்டாத இரும்பு அது. எனினும் காந்த ஊசி வடக்கு நோக்குவது அதனால்தான்.

பின்னர் மேற்பரப்பு குளிர்ந்தது. நீராவி மழையாகிக் கடல் தோன்றியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் மணிகள், சுமார் 440 கோடி ஆண்டுகளுக்கு முன்பே புவி ஓடு உருவாகத் தொடங்கியதைக் காட்டுகின்றன.

அக்கடல் இன்றைய கடல் போன்றதன்று. காற்றில் பிராணவாயு ஏறக்குறைய இல்லாமையால், கடலடி வெந்நீர் ஊற்றுகள் கொணர்ந்த இரும்பு துருவாகாமல் நீரில் கரைந்தே இருந்தது. ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவை வெளியிட்டபோது, அந்த இரும்பு துருவாகிக் கடலடியில் படிந்தது. பிராணவாயு இன்றியே இரும்பைத் துருவாக்கவல்ல நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்பர். சிங்பூம் பகுதிப் படிவுகள் 300 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவையாதலின் இக்கருத்தை எளிதில் ஒதுக்க இயலாது. இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்த வரிகளை இன்றும் அப்பாறைகளில் காணலாம்.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியது. 180 கோடி ஆண்டுகளுக்கு முன்பாகப் பெரும் படிவுகள் நின்றுபோயின. பிற்காலத்தில் அவை சிறிய அளவிலேயே மீண்டும் தோன்றின.

வரிப்பாறையில் இரும்பு பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதமே. சிலிக்கா நீரில் கரைந்து நீங்கிய இடங்களில் மட்டும் 60 சதவீதத்திற்கு மேற்பட்ட செழுந்தாது உண்டாயிற்று. பைலாதிலாவில் 1968-இல் எடுக்கத் தொடங்கியது இத்தகைய தாதுவையே. ஆகவே ஒரு சுரங்கத்தின் இருப்பு இத்தனை கோடி டன் என்று கூறப்படும்போது, அதில் செழுந்தாது எவ்வளவு, வரிப்பாறை எவ்வளவு என்று அதிகாரிகள் பிரித்துக் கேட்பது நலம். வரிப்பாறையை மாவாக அரைத்துச் செறிவூட்டிய பின்னரே உலையிலிட முடியும். அதற்கு மிகுந்த மின்சாரமும் நீரும் வேண்டும், எஞ்சும் சேற்றைத் தேக்கி வைக்க நிலமும் வேண்டும்.