வளர்ச்சி ஹார்மோன் இளமையை மீட்டுத் தருமா?

நம்பிக்கை: வளர்ச்சி ஹார்மோன் ஊசி முதுமையைத் தள்ளிப்போடும்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஊறும் இந்த ஹார்மோன் வயது ஏற ஏறக் குறைகிறது. 1990இல் அமெரிக்க மருத்துவர் டேனியல் ரட்மன், 60 வயதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் இதைச் செலுத்தினார். தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. ஆயுள் கூடுமா என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. ஆனாலும் அதைக் காட்டியே ஊசி வணிகம் பெருகியது. பிந்தைய ஆய்வுகளில் தசை கூடிய அளவுக்கு வலிமை கூடவில்லை. மூட்டுவலி, வீக்கம், ரத்தச் சர்க்கரை உயர்வு ஆகியவைதான் மிஞ்சின.

சுண்டெலிகளில் கிடைத்த சான்று இதற்கு நேர் எதிரானது. வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத ஏம்ஸ் குள்ளச் சுண்டெலிகள், உடன்பிறந்தவற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காலம் வாழ்வதை 1996இல் ஆண்ட்ரே பார்ட்கேயின் குழு வெளியிட்டது. ஹார்மோனை மிகுதியாகச் சுரக்குமாறு மரபணு மாற்றப்பட்ட பெரிய சுண்டெலிகளோ சீக்கிரமே மூப்படைந்து இறந்தன. இந்த ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது செல்களைப் பெருகச் சொல்கிறது. தூண்டல் தணிந்தால் செல்கள் பழுதுபார்ப்பில் கூடுதல் ஆற்றலைச் செலுத்துகின்றன என்பதே ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம்.

ஹார்மோன் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவர் தரும் சிகிச்சை வேறு. அது தேவையானது, அதை இந்தக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது.

நம்பிக்கை: உடல் பெரிதானால் ஆயுளும் நீளும்.

இனத்துக்கு இனம் ஒப்பிட்டால் பெரும்பாலும் சரிதான். சுண்டெலிக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள். போஹெட் திமிங்கிலத்துக்கு 200 ஆண்டுகளுக்கு மேல். ஒரே இனத்துக்குள் கதை தலைகீழ். கிரேட் டேன் நாய் பொதுவாக எட்டு முதல் பத்து ஆண்டுகளே வாழும். சிவாவா 12 வயதைத் தாண்டும். சிறிய நாய் வகைகளில் ஐஜிஎஃப்-1 மரபணுவின் ஒரே மாற்றம் பரவலாக இருப்பது 2007இல் தெரியவந்தது.

நம்பிக்கை: அப்படியானால் குள்ளமான மனிதர்களும் நீண்ட நாள் வாழ்வார்கள்.

ஈக்வடாரின் லோஹா மாகாணத்தில் லாரோன் குறைபாடு உள்ளவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் உடலில் ஹார்மோன் சுரக்கிறது. அதை ஏற்கும் வாங்கி பழுதானது. உயரம் நான்கு அடியைத் தாண்டுவது அரிது. மருத்துவர் ஹைமே கெவாரா-அகிரே அவர்களில் ஏறத்தாழ 100 பேரை 22 ஆண்டுகள் கண்காணித்தார். பலர் பருமனானவர்கள், ஆனாலும் ஒருவருக்கும் நீரிழிவு வரவில்லை. ஒரே ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது, அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. உறவினர்களிடையே இரண்டு நோய்களும் இருந்தன. ஆயினும் ஆயுள் நீளவில்லை: விபத்து, மதுப் பழக்கம், வலிப்பு போன்றவற்றால் பலர் முன்னதாகவே இறந்தார்கள்.