பாட்டுக்கென ஒரு மாடியறை



நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற சிறு நகரின் ஃபிலா தெருவில், மாடிப்படி ஏறிப்போனால் ஒரு காபிக்கடை வரும். பெயர் கஃபே லீனா. 1960 மே மாதம் லீனா, பில் ஸ்பென்சர் தம்பதியர் அதைத் திறந்தார்கள். கொஞ்ச காலம் நடத்திக் காசு சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுவது அவர்கள் திட்டம். காசும் சேரவில்லை, பயணமும் நடக்கவில்லை. சில ஆண்டுகளில் பில் விலகிப் போனார். லீனா 1989இல் இறக்கும்வரை தானே நடத்தினார். அமெரிக்காவில் இடைவிடாது நடந்துவரும் நாட்டுப்பாடல் காபிக்கடைகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு மேடை கொடுக்கும் பாட்டரங்கு ஒன்று நடத்த ஆசைப்படுகிறவர் முதலில் படிக்க வேண்டியது இந்த மாடியறையின் கதையைத்தான்.

1961இல் பாப் டிலன் அங்கே பாடினார். முதல் இசைத்தட்டு வெளிவராத காலம், வயது இருபது. கூட்டம் அவரைப் பொருட்படுத்தாமல் அரட்டையில் இருந்தது. பொறுக்கமாட்டாமல் பில் ஸ்பென்சர் மேடையேறி, வந்திருந்தவர்களைக் கண்டித்தார் என்று சொல்வார்கள். பாடுகிறவர் யாராயிருந்தாலும் பாட்டு நடக்கையில் பேச்சு நிற்க வேண்டும். இளம் பாடகருக்கு ஓர் அரங்கு செய்யக்கூடிய பேருதவி இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. மதுக்கடை இரைச்சலில் பாடுகிற பிள்ளை தொண்டையை உயர்த்த மட்டுமே கற்கும். அமைதியான அறையில் எந்தச் சொல் தெளிவாக விழவில்லை, எந்தச் சரணத்தில் நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்குகின்றன என்பதெல்லாம் பாடுகிறவருக்கே கேட்கும். லீனா காலத்தில் அங்கே காபியும் பலகாரமும்தான், மது கிடையாது. இத்தகைய இடங்களை நடத்துவோர் பாட்டுக்கு நடுவே காபி இயந்திரத்தை ஓட விடக்கூடாது, ரசீது நீட்டக்கூடாது, தாமதமாக வந்தவரைப் பாட்டு முடிந்த பிறகே உள்ளே விட வேண்டும். சின்ன விஷயங்கள்தான், ஆனாலும் இவற்றில் கண்டிப்பு வேண்டும்.

புதியவர் படிப்படியாக மேலே வர வழி இருக்க வேண்டும். வாரம் ஒருநாள் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிவைத்து இரண்டு பாட்டுப் பாடலாம். அதில் தேறியவருக்கு, பெயர்பெற்ற பாடகர் வரும் இரவில் முன்னதாக மூன்று நான்கு பாட்டு. பிறகு அவருக்கென்றே ஒரு மாலை. முதன்முறை மேடையேறுகிற பிள்ளையை நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவே விடுவது நல்லது. கேட்பவர்கள் ஏற்கெனவே ஒன்றியிருப்பார்கள், தடுமாறினாலும் அடுத்தவர் தூக்கிவிடுவார்.

மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 1958இல் தொடங்கிய கிளப் 47 இன்னொரு பாடம். ஜாஸ் இசைக்காகத் திறந்த இடம் அது. பதின்வயதுப் பாடகி ஜோன் பயஸ் முதன்முதலில் பாடிய இரவில் கேட்க வந்தவர்கள் ஒரு கைப்பிடிப் பேர்; அதிலும் பெற்றோரும் தங்கையும் சேர்த்தி. அவரைத் தொடர்ந்து பாட விட்டார்கள். 1959இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் நாடே அவர் பக்கம் திரும்பியது. உணவு பரிமாறும் இடத்தில் மூன்றுக்கு மேற்பட்ட நரம்புக் கருவிகள் கூடாது என்ற பழைய நகரச் சட்டத்தால் கிளப் 47க்குச் சிக்கல் வந்தது. லாபநோக்கற்ற உறுப்பினர் சங்கமாக மாறித்தான் பிழைத்தது. ஆகவே உரிமம், பதிவு ஆகிய வேலைகளைக் கடை திறப்பதற்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம்.

பணம் எப்போதும் பற்றாது. லீனா பாடகர்களைத் தம் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். கடன் முற்றியபோது அதே பாடகர்கள் நிதிக்கச்சேரி நடத்தினார்கள். ஆயினும் ஒருவர் தோளில் நிற்கும் அரங்கு அவரோடு முடிந்துபோகும் அபாயம் உண்டு. கஃபே லீனா அவருக்குப் பின்னும் தப்பியதற்குக் காரணம், நண்பர்கள் கூடி அதை லாபநோக்கற்ற அமைப்பாக நடத்தியதுதான். 2016இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோதும் இருக்கைகள் 110 அளவில்தான் நின்றன. சரியான முடிவு, கடைசி வரிசைக்கும் பாடகரின் முகம் தெரிய வேண்டும். கிளப் 47 இருந்த இடத்தில் வளர்ந்த பாஸிம் என்ற பாட்டரங்கு இப்போது இசைப்பள்ளியும் நடத்துகிறது. ஊரார் அங்கே கற்கலாம்.

பதிவு செய்யும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். கஃபே லீனாவில் 1967 முதல் பதிவானவற்றிலிருந்து தேர்ந்து 2013இல் மூன்று வட்டுகளாக ஒரு தொகுப்பு வெளியிட முடிந்தது, யாரோ அன்றே ஒலிநாடாவை ஓடவிட்டதால்தான். பாடியவரின் சம்மதம், தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்ற விவரம் மூன்றையும் அன்றிரவே எழுதிவைக்க வேண்டும்.