நம்ம ஊர்க் காற்றின் எண்

அன்புள்ள தங்கைக்கு,

திருவொற்றியூரில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். ராயபுரத்தில் பல வருடம் ஆய்வகத்தில் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் ஒத்ததிர்வுக் குழாய் வரும் நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சோதனை நம் பள்ளிகள் பலவற்றில் தலைகீழாக நடக்கிறது. பிள்ளைகள் போன வருடத்து ரெக்கார்டு நோட்டில் விடையைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற நீளங்களை அட்டவணையில் நிரப்புகிறார்கள். ஒலியின் வேகம் 331 என்று வந்துவிட்டால் மார்க் உறுதி என்று நினைக்கிறார்கள். ஆனால் 331 மீட்டர் என்பது பூஜ்யம் டிகிரிக் காற்றுக்கு உரியது. எண்ணூரில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் கிடையாது. அறையில் 30 டிகிரி இருந்தால் ஒலி நொடிக்கு 349 மீட்டர் ஓடும். கடற்காற்றின் ஈரம் அதற்கு மேல் ஓரிரு மீட்டர் கூட்டும். 351 என்று கொண்டுவந்து காட்டும் பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். அவளிடம் "தப்பு, அழித்துவிட்டு எழுது" என்று மட்டும் சொல்லிவிடாதே. பூஜ்யம் டிகிரிக்கான மதிப்பு வேண்டுமென்றால், கிடைத்த வேகத்திலிருந்து கணக்குப் போட்டு அதைத் தனியாக எழுதட்டும்.

இந்த அளவீட்டில் நம் ஊருக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு அதை நீ சொல்லியே ஆகவேண்டும். 1820, 1821 ஆண்டுகளில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். இன்றைய ராஜாஜி மண்டபத்தை வடிவமைத்தவரும் அவர்தான். ஒலியின் வேகத்தை அவர் அளந்த விதம் இது: ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும், தெற்கே பரங்கிமலையிலும் பீரங்கி வெடிப்பார்கள். வானாய்வகத்தில் நிற்பவர்கள் தீப்பொறியைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, சத்தம் வந்ததும் நிறுத்துவார்கள். கோட்டை நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தச் சத்தம் வர ஏறக்குறைய 12 வினாடி. பரங்கிமலை ஒன்பது கிலோமீட்டர். அங்கிருந்து வர 26 வினாடி. ஒவ்வொரு முறையும் வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றின் ஈரம், காற்று வீசும் திசை எல்லாவற்றையும் குறித்தார்கள். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1823இல் அந்தக் குறிப்புகள் அட்டவணையாக வெளிவந்தன.

அந்த அட்டவணையில் என்னை இன்றும் பிடித்து நிறுத்துவது அதன் மாத சராசரிகள்தான். ஜூலையில் நொடிக்கு 1,164 அடி, டிசம்பரில் 1,099 அடி. வித்தியாசம் 65 அடி, அதாவது கிட்டத்தட்ட 20 மீட்டர். சென்னையின் ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு அதில் ஒரு சிறு பங்கைத்தான் விளக்கும். தென்மேற்குக் காற்று பரங்கிமலைச் சத்தத்தை நுங்கம்பாக்கம் நோக்கித் தள்ளும், வாடைக்காற்று அதை எதிர்க்கும். மீதியில் கொஞ்சம் இதற்குப் போகலாம் என்பது என் எண்ணம். விளக்கம் எதுவானாலும், மனிதர் எண்களை இழுத்துப்பிடித்து ஒன்றாக்கவில்லை. மாதம் மாதமாக, வந்ததை வந்தபடியே அச்சுக்குக் கொடுத்தார். அதனால்தான் இருநூறு வருடம் கழித்தும் நாம் அதை வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. ஒரே எண்ணாகத் திருத்திக் கொடுத்திருந்தால் காற்றைப் பற்றி இன்று யோசிக்கவே இடமிருக்காது. உன் பிள்ளைகளின் நோட்டும் அப்படி இருக்கவேண்டும்.

இனி குழாய்க்கு வருகிறேன். மின்விசிறியை நிறுத்தச் சொல். முடிந்தால் முதல் பீரியடில் வைத்துக்கொள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் எப்போதும்தான் ஓடும், ஆனாலும் பள்ளிக்குள் இருக்கும் இரைச்சலாவது குறையும். இசைக்கவையை மேசை விளிம்பில் அடிக்க விடாதே, ரப்பர் அட்டையில் மெதுவாகத் தட்டினால் போதும். கவையின் கை கண்ணாடிக் குழாயைத் தொட்டால் விளிம்பு சில்லாகத் தெறித்துவிடும். 512 ஹெர்ட்ஸ் கவைக்கு நீர்மட்டத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால், பதினாறு சென்டிமீட்டர் சுமாரில் சத்தம் திடீரென்று பூரிக்கும். பிள்ளைகள் அங்கேயே அளந்துவிடுவார்கள். கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றி, இரண்டு பக்கமிருந்தும் அதே இடத்துக்கு வரச் சொல். இரண்டாவது ஒத்ததிர்வு ஐம்பது சென்டிமீட்டர் பக்கம் கிடைக்கும். இரண்டின் வித்தியாசத்தை எடுத்தால் முனைத்திருத்தம் தானே கழிந்துபோகும். வித்தியாசம் 34.2 சென்டிமீட்டர் என்றால் வேகம் 350 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடை ஒரு மீட்டர் மாறும். இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 'பிழை' என்ற சொல்லுக்கு அவர்கள் பயப்படாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒருநாள் வெளியே கூட்டிப்போ, லாரிச் சாலையை விட்டு விலகி, நீளமான மைதானமோ கடற்கரையோ இருக்கிற இடத்துக்கு. ஒரு பையன் நொடிக்கு ஒருமுறை இரும்புத் தகட்டில் சுத்தியலால் அடிக்கட்டும், கையை நன்றாக உயர்த்தி, தாளம் தவறாமல். மற்றவர்கள் பின்னோக்கி நடக்கட்டும். ஏறத்தாழ 175 மீட்டரில், சுத்தியல் உச்சியில் இருக்கும்போது அடித்த சத்தம் காதில் விழும். ஸ்டாப்வாட்ச் இல்லாமலே அரை நொடியைக் கண்ணால் பார்க்கலாம். அந்த இடத்தில் நின்று சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

காசிமேட்டுப் படகுகளில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளை யாராவது நிச்சயம் உன் வகுப்பில் இருப்பான். கடல்நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டருக்கு மேல் ஓடும். எதிரொலி வர 0.02 வினாடி ஆனால் ஆழம் ஏறக்குறைய 15 மீட்டர். அந்தப் பெட்டிக்குள் நடக்கும் கணக்கை அவனே கரும்பலகையில் போடட்டும். அப்பாவிடம் போய்ச் சொல்லவும் அவனுக்கு ஒன்று இருக்கும்.

ஜூலையில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை இதே குழாயில் இதே கவையை வைத்து அளந்து, தேதியும் வெப்பநிலையும் போட்டு ஒரே பதிவேட்டில் எழுதிவை. அடுத்த வருடத்துப் பிள்ளைகள் அதன் கீழே தங்கள் எண்ணை எழுதட்டும். ஆய்வகத்தில் நல்ல வெப்பமானி இல்லையென்றால், மற்ற எதையும் கேட்பதற்கு முன்னால் தலைமையாசிரியரிடம் அதைக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
ராயபுரத்து அண்ணன்