பெரிய ஹெலிகாப்டர், சின்ன ஸ்குரு

போன மாத வகுப்பு முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நீங்க வீட்டுல சொந்தமா ஹெலிகாப்டர் செய்றீங்களாமே, எப்ப பறக்கும்?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லாத பதிலைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்பதும் இதில் இருக்கிறது. எங்கள் ஹெலிகாப்டர் ஏன் இன்னும் பறக்கவில்லை என்பதும் இருக்கிறது.

1. எங்கள் நூரி

டெங்கிலில் வளர்ந்த எங்களுக்கு விமானச் சத்தம் புதுசு இல்லை. கே.எல்.ஐ.ஏ. பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் என்னை வாசலுக்கு ஓடவைத்தது ஹெலிகாப்டர் சத்தம்தான். அதிலும் நூரி. 'நூரி' என்றால் மலாயில் கிளி வகைப் பறவை. சிகோர்ஸ்கி எஸ்-61 வகையைச் சேர்ந்த இந்த ஹெலிகாப்டர் 1968-இல் நம் ஆகாயப்படைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் வெள்ளத்திலும் காட்டிலும் உழைத்துவிட்டு 2020-இல் ஓய்வு பெற்றது.

நானும் என் கூட்டாளியும் இயந்திரப் பொறியியல் படிக்கிறோம். நூரியைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்வது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். பெட்டியில் வரும் பாகங்களை வாங்கிப் பூட்டுவது இல்லை. பிளைவுட் சட்டங்களை அறுத்து, அதன்மேல் பால்சா மரத்தகடு ஒட்டி, ஃபைபர் துணியும் ரெசினும் பூசி உடம்பை நாங்களே செய்தோம். ஐந்து பிளேடுகளைப் பிடிக்கும் தலைப்பகுதியை என் மாமாவின் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்தோம். மோட்டார், பேட்டரி, சர்வோ, கைரோ, ரேடியோ ஆகியவை மட்டும் வாங்கினவை.

2. சுற்றினால் மட்டும் போதுமா?

மேலே விசிறி மாதிரி சுற்றுவதால் ஹெலிகாப்டர் பறக்கிறது என்று பலர் நினைக்கிறோம். பாதி சரி. வேகமாகச் சுற்றினால் ஏறும், மெதுவாகச் சுற்றினால் இறங்கும் என்பது தப்பு. ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. மாறுவது பிளேடுகளின் சாய்வுக் கோணம்.

அந்தக் கோணத்தை மாற்றுவது சுவாஷ் பிளேட். ஷாஃப்டைச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டத் தட்டுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் பேரிங். கீழ்த்தட்டு சுற்றாது, மூன்று சர்வோக்கள் அதைத் தூக்கும், இறக்கும், சாய்க்கும். மேல்தட்டு ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு சின்னக் கம்பி போகும். தட்டு முழுசாக மேலே போனால் எல்லாப் பிளேடுகளின் கோணமும் ஒன்றாகக் கூடும், ஹெலிகாப்டர் ஏறும். தட்டு சாய்ந்தால் ஒவ்வொரு பிளேடும் ஒரு பக்கம் வரும்போது கோணம் கூடி, எதிர்ப்பக்கம் போகும்போது குறையும். ஹெலிகாப்டர் சாய்ந்து அந்தப் பக்கம் நகரும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுற்றும் பொருளை ஓர் இடத்தில் தள்ளினால் அதன் விளைவு சுமார் கால் வட்டம் தள்ளித்தான் தெரியும். அதனால் முன்னால் சாய வேண்டுமென்றால், கோணத்தைச் சுமார் 90 டிகிரி முன்கூட்டியே மாற்ற வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் கம்பிகளைப் பூட்டினால், 'முன்னால் போ' என்று சொன்னதும் பக்கவாட்டில் போய்க் கவிழும்.

ரோட்டரை ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது வால் ரோட்டர். கைரோ அதன் கோணத்தை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும்.

3. பெரிசானால் என்ன ஆகும்?

இங்கேதான் கணக்கு வருகிறது. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. அதே பொருளில் செய்தால் எடையும் எட்டு மடங்கு. நிஜ நூரியின் எடை முழுச் சுமையோடு சுமார் 9 டன். பத்தில் ஒரு பங்கு என்றால் 10 × 10 × 10 = 1000-ஆல் வகுக்க வேண்டும். எங்கள் மாடலுக்குச் சுமார் 9 கிலோ வருகிறது. கையில் அடங்கும் பொம்மை ஹெலிகாப்டர் மோதினால் கீறல் விழும். 9 கிலோ விஷயம் வேறு.

நிஜ நூரியின் ரோட்டர் விட்டம் 18.9 மீட்டர். எங்களுடையது 1.89 மீட்டர். நிமிடத்துக்கு 1200 சுற்று என்று வைத்தால், பிளேடு நுனி வினாடிக்குச் சுமார் 119 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல்.

ஒரு பிளேடு 200 கிராம். அதன் எடைமையம் நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த வேகத்தில் பிளேடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை சுமார் 1580 நியூட்டன், அதாவது சுமார் 160 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. 200 கிராம் பிளேடைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட், இரண்டு பெரிய ஆட்களைத் தாங்க வேண்டும்! ஒரு பிளேடின் நுனியில் 5 கிராம் கூடுதலாக இருந்தால்கூட, சுமார் 7.6 கிலோ விசை வினாடிக்கு 20 தடவை முழு ஹெலிகாப்டரையும் உலுக்கும். அதனால்தான் ஐந்து பிளேடுகளையும் தராசில் வைத்து, சின்ன டேப் ஒட்டிச் சமப்படுத்துகிறோம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். வேகம் பாதியானால் இந்த விசை பாதியாகாது, கால்வாசியாகும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

4. நமக்கு முன்னால் செய்தவர்கள்

மாடல் செய்வது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று வீட்டில் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஆர்தர் யங் என்பவர் 1928 முதல் பல வருடம் தனியாக மாடல் ஹெலிகாப்டர் செய்து பார்த்தார். 1941-இல் தன் மாடலை பெல் நிறுவனத்தாருக்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அவர்கள் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த உழைப்பிலிருந்து வந்த பெல் 47, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு 1946-இல் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர்.

ரேடியோவில் இயங்கும் மாடல் ஹெலிகாப்டரை ஒழுங்காகப் பறக்கவைத்தவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1970-இல் அவருடைய மாடல் 27 நிமிடத்துக்கு மேல் பறந்து சாதனை படைத்தது.

நம் ஆட்களும் உண்டு. சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் 'தக்‌ஷா' என்ற மாணவர் குழு உருவானது. ரேடியோ ஹெலிகாப்டரில் பல வருட அனுபவம் உள்ள நடிகர் அஜித்குமார் 2018-இல் இந்தக் குழுவுக்கு ஆலோசகராகச் சேர்ந்தார். அதே வருடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் தக்‌ஷா இரண்டாம் இடம் பிடித்தது. எட்ட முடியாத இடத்திலிருந்து ரத்த மாதிரியை எடுத்து வரும் போட்டி அது. படம் பார்த்துக் கைதட்டுகிறோம் இல்லையா, இதற்கும் கொஞ்சம் கைதட்டலாம்.

5. அந்தக் காலை

இனி தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ரோட்டரை முதல் தடவை சுற்றிப் பார்க்கும் நாளுக்கு முந்தின இரவு. மணி பதினொன்று தாண்டிவிட்டது. எங்களிடம் 46 வரி சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டு. உலோகத்தில் ஏறும் ஒவ்வொரு ஸ்குருவுக்கும், அதிர்வில் கழலாமல் பிடித்துக்கொள்ளும் நீலப் பசை போட வேண்டும். பிளேடுக்குப் போகும் ஐந்து கம்பிகளில் நான்கின் ஸ்குருவுக்குப் போட்டுவிட்டேன். ஐந்தாவது வரும்போது பசை தீர்ந்துபோச்சு. கையால் நன்றாக இறுக்கினேன். "ஒரு ஸ்குருதானே, நாளைக்கு வாங்கிப் போட்டுக்கலாம்" என்று நினைத்தேன். பட்டியலில் டிக் மட்டும் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் ஹெலிகாப்டரை வீட்டுப் பின்புறம் பலகையில் கட்டிப்போட்டு ஓடவிட்டோம். என் தம்பி வேலி ஓரமாக நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பேட்டரி குறைவு என்று சார்ஜர் எடுக்க உள்ளே போனான். வேகம் 600 சுற்றைத் தொட்டது. திடீரென்று பலகையே நடுங்கியது. நான் மோட்டாரை அணைப்பதற்குள் ஒரு பிளேடு கீழே வளைந்து வாலை வெட்டியது. உடைந்த துண்டு தகர வேலியில் ஓட்டை போட்டது. தம்பி நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரம். அவன் நெஞ்சு உயரம்.

அம்மா ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தலைப்பகுதியைக் கோத்தவன் என் கூட்டாளி. "நான்தான்டா ஏதோ தப்பா பூட்டிட்டேன்" என்று அவனே சொன்னான். ஐந்தாவது ஸ்குரு கழன்று கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவன் என் வீட்டுக்கு வந்து, உடைந்த துண்டுகளை அடுக்கிவைத்து, தான் எங்கே தப்பு செய்தோம் என்று தேடினான்.

ஆயுத பூசைக்கு எங்கள் ஸ்பேனருக்கும் ஸ்குரு டிரைவருக்கும் பொட்டு வைத்து விழுந்து கும்பிட்டவன் நான். பட்டியலில் பொய் டிக் போட்டதும் அதே கைதான். நான்காம் நாள் பட்டியலை அவன் முன்னால் வைத்து, 31-ஆவது வரியைக் காட்டி உண்மையைச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "ஸ்குருவை விடு. மூணு நாளா ஏன்டா சொல்லல?" அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

அன்று ஓடியது 600 சுற்றில்தான். முழு வேகமான 1200-இல் ஓடியிருந்தால் அந்த விசை நான்கு மடங்கு. மூன்றாம் பகுதிக் கணக்கு இப்போது புரிகிறதா?

6. எங்கள் புதிய விதிகள்

விமானப் பராமரிப்பில் ஒரு பழக்கம் உண்டு. விமானத்தைத் திருப்பும், ஏற்றி இறக்கும் பாகத்தில் கை வைத்தால், வேலை செய்தவர் மட்டும் பார்த்தால் போதாது. இன்னொருவரும் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். செய்தவர் திறமை இல்லாதவர் என்பதற்காக இல்லை. களைத்த கண் தான் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கும்.

நாங்களும் இப்போது அப்படித்தான் செய்கிறோம்:

- இறுக்கியவர் டிக் போடக் கூடாது. மற்றவர் பார்த்துத்தான் டிக்.
- பார்த்த ஸ்குருவின் தலையிலிருந்து பாகம்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகினால் ஸ்குரு கழல்கிறது என்று அர்த்தம்.
- இரவு பத்து மணிக்கு மேல் ரோட்டர் தலையில் வேலை கிடையாது.
- ரோட்டர் சுற்றும்போது அதன் மட்டத்துக்கு நேராக, திறந்த வெளியில் யாரும் நிற்கக் கூடாது. இயக்குபவரும் தள்ளி, தடுப்புக்குப் பின்னால்.
- தப்பு நடந்தால் அன்றைக்கே, செய்தவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னவரைத் திட்டக் கூடாது.

கடைசி விதியை எழுதியது என் கூட்டாளி.

7. எங்கே பறக்கவிடுவது?

டெங்கிலில் செம்பனைத் தோட்டம், திடல் என்று வெட்டவெளி நிறைய இருக்கிறது. ஆனால் இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது. விமான நிலையத்தைச் சுற்றிய வான்வெளியில் அனுமதி இல்லாமல் ஆளில்லா எதையும் பறக்கவிடுவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். மற்ற இடங்களிலும் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் போக அனுமதி வேண்டும். சி.ஏ.ஏ.எம். எனப்படும் வான்போக்குவரத்து ஆணையம்தான் இதைப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் சின்ன டிரோன் வாங்கினாலும் முதலில் அவர்களுடைய விதிகளைப் படியுங்கள். எங்கள் நூரி தயாரானதும், முறையாக அனுமதி உள்ள திடலுக்கு வேனில் ஏற்றிப் போவோம்.

எப்ப பறக்கும் என்று கேட்ட தம்பிக்கு: வாலை மறுபடியும் செய்துவிட்டோம். புதுப் பிளேடு ஐந்தும் சமமாக இருக்கின்றன. பட்டியலில் இப்போது 52 வரி. 49-இல் என் கூட்டாளி டிக் போட்டிருக்கிறான். மூன்று பாக்கி.

வகுப்பில் பேச:

1. நூரியை இருபதில் ஒரு பங்கு அளவில் செய்தால், அதன் எடை சுமார் எவ்வளவு வரும்?
2. ரோட்டர் வேகத்தை 1200-இலிருந்து 1500-ஆகக் கூட்டினால் பிளேடு போல்டின் மேல் விழும் விசை எத்தனை மடங்காகும்?
3. நீங்கள் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்த்தால் உங்களுக்குக் கோபம் வருமா? ஏன்?

செய்து பார்க்க: இந்த வாரம் உங்கள் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிளின் பிரேக், சக்கர நட்டு ஆகியவற்றைப் பட்டியல் போட்டுச் சரிபாருங்கள். பிறகு பட்டியலை ஒரு கூட்டாளியிடம் கொடுத்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகிறதா என்று அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.